வேதமா, அனுமானமா: எழுதுவோர் சறுக்கும் இடங்கள்

மேற்கோளைச் சரிபார்க்கச் சொல்லும் அறிவுரையெல்லாம் இங்கே வேண்டாம். மறைநூலுக்கும் தர்க்கத்துக்கும், குறிப்பாக அனுமானத்துக்கும் (கண்டதைக் கொண்டு காணாததை ஊகித்தறிவது), உள்ள உறவைப் பற்றி முதன்முதலாக எழுதுவோர் விழும் பள்ளங்கள் வேறு.

வேதம் என்றாலே கடவுள் வாக்கு என்பது

கட்டுரையையே கவிழ்க்கும் பிழை. எத்தனை முறை திருத்தினாலும் மறுபடி முளைக்கிறது. வேதச் சடங்குகளுக்குப் பொருள் ஆராயும் மீமாம்சகருக்கு வேதம் அபௌருஷேயம்: யாரும் இயற்றாதது, கடவுளும் இயற்றாதது. சொன்னவர் இருந்தால்தானே அவருடைய குறை சொல்லில் ஏறும்? மீமாம்சகரான குமாரிலர் வேதத்தைக் காப்பதும் படைப்புக் கடவுளை மறுப்பதும் ஒரே நூலில், சுலோகவார்த்திகத்தில்தான்.

தர்க்க மரபினரான நையாயிகருக்கோ ஆப்தன், அதாவது நம்பத்தக்கவன், சொன்ன சொல்லே பிரமாணம், அதாவது சரியான அறிவு தரும் சான்று. வேதத்தைச் சொன்னவன் ஈசுவரன். அப்படியானால் வேதத்தை மட்டும் காட்டி ஈசுவரனை நிறுவ முடியாது. அதைக் கொண்டு இதையும் இதைக் கொண்டு அதையும் நிறுவும் அந்நியோந்நியாசிரயக் குற்றம் வரும். நையாயிகரான உதயணர் நியாயகுசுமாஞ்சலியில் அனுமானங்களை அடுக்க நேர்ந்தது இதனால்தான். ஆகவே எந்தத் தரப்பைப் பற்றி எழுதினாலும் முதலில் இரண்டு கேள்விகள்: நூலுக்கு ஆசிரியர் உண்டா? அதை நம்புவதற்கு அவர்கள் சொல்லும் காரணம் என்ன? 'இறை வெளிப்பாடு' என்ற சொல்லை அதற்குப் பிறகு தொடுங்கள்.

பக்தர் என்றால் அனுமானத்தை வரவேற்பார் என்பது

'சாஸ்த்ரயோநித்வாத்' (சாத்திரமே மூலமாதலால், 1.1.3) என்ற பிரம்மசூத்திரத்துக்கு உரை எழுதும்போது இராமாநுசர் குடம்–குயவன் வாதத்தை, அதாவது குடத்துக்குக் குயவன் போல உலகுக்கும் ஒரு படைப்பவன் உண்டு என்ற அனுமானத்தை, உடைக்கிறார். குயவனை வைத்து ஊகித்தால் உடம்பும் குறையும் உள்ள ஒருவன்தானே கிடைப்பான்? மலையும் கடலும் ஒரே சமயத்தில் ஒருவனே செய்தவை என்பதற்கு என்ன ஆதாரம்? பிரம்மத்தை அறிய சாத்திரமே வழி என்று முடிக்கிறார். தர்க்கத்தின் எல்லையைத் தர்க்கத்தாலேயே காட்டியவர் அவர். 'பகுத்தறிவை மறுத்தார்' என்று எழுதிவிடாதீர்கள்.

சைவ சித்தாந்தியான மெய்கண்டார் வந்த வழி வேறு. சிவஞானபோதத்தின் முதல் சூத்திரமே 'அவன் அவள் அது' என்று உலகைச் சுட்டி, தோன்றி நின்று ஒடுங்கும் அதற்கு ஒரு முதல் வேண்டும் என்கிறது.

தெர்த்துல்லியன் மேற்கோள்

பழங்காலக் கிறித்தவ எழுத்தாளரான அவர் பெயரில் வழங்கும் 'அபத்தம் என்பதால் நம்புகிறேன்' என்பதை அவர் எழுதவில்லை. இயேசுவின் உயிர்த்தெழுதலைப் பற்றி அவர் எழுதியது: 'உறுதியானது, ஏனெனில் முடியாதது.'

அறிவைக் கடந்தது, அறிவுக்கு முரணானது

இரண்டும் ஒன்றல்ல. ஒரே கடவுள் மூவராய் இருக்கிறார் என்ற திரித்துவத்தை, இடைக்காலக் கிறித்தவ இறையியலாளர் தாமசு அக்குவினாசு வைப்பது முதலாவதில்.