1776-ஐ மனதில் வைத்து 1765-ஐப் படிக்காதீர்கள்

அமெரிக்கப் புரட்சியைப் பற்றி எழுதும்போது பலரும் மூன்றே வரியில் ஓடிவிடுகிறார்கள்: பிரிட்டன் வரி போட்டது, மக்கள் கொதித்தார்கள், பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கொட்டினார்கள். இடையில் பத்து வருடத்துக்கும் மேலாக நடந்த அச்சுச் சண்டை காணாமல் போய்விடுகிறது. 1764-இல் இறக்குமதிச் சர்க்கரைக்குத் தீர்வை போட்ட சர்க்கரைச் சட்டம் வந்ததிலிருந்து 1775-இல் துப்பாக்கி வெடிக்கும் வரை, வட அமெரிக்காவில் இருந்த பிரிட்டிஷ் காலனிகளில் வந்த சிறுநூல்கள், வாரப் பத்திரிகைகள், ஒற்றைத் தாள் பிரசுரங்கள், படங்கள் ஆகியவற்றில் பெரும்பகுதியை இன்று இணையத்தில் ஸ்கேன் பிரதியாகவே பார்க்கலாம். நல்லதுதான். ஆனால் கையில் கிடைத்ததை எடுத்து, தோன்றியபடி பொருள் சொல்வதும் சேர்ந்தே கூடியிருக்கிறது.

இதில் பெரிய தவறு, முடிவு நமக்குத் தெரியும் என்பதால் தொடக்கத்திலேயே சுதந்திர முழக்கத்தைக் கேட்டுவிடுவது. பாஸ்டன் வழக்கறிஞர் ஜேம்ஸ் ஓடிஸ் 1764-இல் வெளியிட்ட சிறுநூலை எடுத்துக்கொள்ளுங்கள். வரிக்கு எதிரான வாதங்களில் முன்வரிசையில் வைக்கப்படுவது அது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரி போட்டது தவறு என்று பக்கம் பக்கமாக நிறுவிவிட்டு, நாடாளுமன்றத்தின் அதிகாரத்தை அதுவே தவிர வேறு யாரும் கட்டுப்படுத்த முடியாது, நாம் கீழ்ப்படியத்தான் வேண்டும் என்றும் அதே நூலில் எழுதுகிறார். படிக்கிற நமக்கு இது தொடைநடுக்கமாகத் தெரியும். அவருக்கு அப்படியில்லை. நல்ல பிரிட்டிஷ் குடிமகன் இப்படித்தான் வாதிடுவான் என்று அவர் நம்பினார்.

மூன்று வருடம் கழித்து ஜான் டிக்கின்சன் எழுதிய 'பென்சில்வேனியா விவசாயியின் கடிதங்கள்' இன்னும் தெளிவான சான்று. 1767 டிசம்பரில் பென்சில்வேனியா கிரானிக்கிள் பத்திரிகையில் தொடங்கி மொத்தம் 12 கடிதங்கள். காலனிகளின் ஆங்கிலப் பத்திரிகைகளில் பெரும்பாலானவை அவற்றை எடுத்துப் போட்டன. மூன்றாவது கடிதத்தில், அன்பான பெற்றோரிடம் காரணமில்லாமல் அடிவாங்கிய அடக்கமுள்ள பிள்ளைகளைப் போல நடந்துகொள்வோம், பெற்றோரிடமே முறையிடுவோம் என்கிறார். அந்தக் காலத்தில் வரியை எதிர்த்து அதிகம் படிக்கப்பட்ட எழுத்து இது. எழுதியவர் 1776-இல் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போடவில்லை. மேரிலாந்தின் டேனியல் டுலானி கதையும் ஏறக்குறைய இதேதான். அச்சடிக்கும் தாளுக்கும் பத்திரங்களுக்கும் பிரிட்டன் போட்ட முத்திரை வரியை எதிர்த்து 1765-இல் மிகக் கூர்மையான சிறுநூல் எழுதியவர். புரட்சி வந்தபோது அந்தப் பக்கம் போகவில்லை. தாமஸ் பெய்னின் 'காமன் சென்ஸ்' நூலையும் இந்த வரிசையில் சேர்த்துவிடுகிறார்கள். அது 1776 ஜனவரியில் வந்தது. அதன் குறி வரியில் இல்லை, மன்னராட்சியில் இருக்கிறது. பெய்ன் அமெரிக்காவுக்கு வந்ததே 1774 கடைசியில்.

சரி, அப்படியென்றால் 'பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை' என்ற முழக்கம்? எங்களுக்கும் லண்டனில் நாலு எம்.பி. கொடுங்கள் என்று கேட்டார்கள் என்றே பலர் புரிந்துகொள்கிறார்கள். ஓடிஸ் போன்ற ஓரிருவர் அந்த யோசனையைச் சொன்னது உண்டு. ஆனால் 1765 அக்டோபரில் நியூயார்க்கில் ஒன்பது காலனிகளின் பிரதிநிதிகள் கூடி வெளியிட்ட தீர்மானங்களைப் படித்தால் கதை தலைகீழ். பிரிட்டிஷ் மக்களவையில் நமக்குப் பிரதிநிதித்துவம் இல்லை, நாம் இருக்கும் இடத்தை வைத்துப் பார்த்தால் இருக்கவும் முடியாது என்று அதில் சொல்கிறார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் நாலு பேர் போய் உட்கார்ந்தால் எல்லா வாக்கெடுப்பிலும் தோற்பார்கள், வரிக்கு ஒப்புக்கொண்டதாகவும் ஆகிவிடும். அவர்கள் கேட்டது, எங்கள் சட்டமன்றங்கள் மட்டுமே எங்களுக்கு வரி போடலாம் என்பது. இந்த வித்தியாசம் பிடிபடாவிட்டால் டுலானியின் சிறுநூல் முழுக்க வீண் வார்த்தையாகத் தோன்றும். மான்செஸ்டருக்கும் உறுப்பினர் இல்லை, ஆனால் அவையில் உள்ள எல்லாரும் எல்லாருக்கும் பிரதிநிதிதானே என்ற லண்டன் வாதத்தை அவர் பிரித்து மேய்ந்தது அதில்தான்.

இதன் கூடவே இன்னொரு குழப்பம்: காலனிக்காரர்கள் உள்நாட்டு வரியைத்தான் எதிர்த்தார்கள், துறைமுகத்தில் வாங்கும் தீர்வையை ஏற்றுக்கொண்டார்கள் என்பது. 1766 பிப்ரவரியில் பெஞ்சமின் பிராங்க்ளின் மக்களவையில் சாட்சி சொல்லும்போது இந்தத் தோற்றத்தை உண்டாக்கிவிட்டார். அடுத்த வருடமே பிரிட்டிஷ் நிதியமைச்சர் டவுன்ஷெண்ட், கண்ணாடி, ஈயம், வண்ணப்பூச்சு, காகிதம், தேயிலை ஆகியவற்றுக்குத் துறைமுகத் தீர்வை போட்டார். டிக்கின்சன் கோடு கிழித்த இடம் வேறு. வணிகத்தை ஒழுங்குபடுத்தப் போடும் தீர்வை ஒன்று, காசு திரட்டப் போடும் தீர்வை இன்னொன்று. இரண்டாவது எந்தப் பெயரில் வந்தாலும் வரிதான்.

முத்திரைச் சட்டம் என்றதும் தபால் தலை நினைவுக்கு வந்தால் அதை உடனே அழித்துவிடுங்கள். நிலம் பதிய வாங்குகிறோமே முத்திரைத் தாள், அதைப் போன்றது இது. தாளிலேயே முத்திரை குத்தி வரும். அந்தத் தாளில்தான் எழுத வேண்டும், அச்சடிக்க வேண்டும். பத்திரிகைக்கு அரைத் தாள் என்றால் அரைப் பென்னி, முழுத் தாள் என்றால் ஒரு பென்னி. ஒவ்வொரு விளம்பரத்துக்கும் இரண்டு ஷில்லிங். பஞ்சாங்கம், சிறுநூல், சீட்டுக்கட்டு, பட்டச் சான்றிதழ் எதையும் விடவில்லை. ஆங்கிலம் அல்லாத மொழியில் இருந்தால் இரட்டிப்பு வரி. பிலடெல்பியாவில் ஜெர்மன் மொழியில் அச்சடித்தவர்கள் நிலையை நினைத்துப் பாருங்கள். ஆக, இந்த வரியைப் பற்றிச் செய்தி போட்டவர்கள் ஓரமாக நின்று பார்த்த நிருபர்கள் அல்லர். அடி நேராக அவர்கள் கல்லாப்பெட்டியில் விழுந்தது. அன்றைய பத்திரிகைகளில் இருக்கும் கொதிப்பைக் கொண்டு ஊர் முழுக்க எவ்வளவு கொதித்தது என்று அளப்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

1765 அக்டோபர் 31 தேதியிட்ட பென்சில்வேனியா ஜர்னலின் முதல் பக்கத்தை ஒருமுறையாவது பெரிதாக்கிப் பாருங்கள். மறுநாள் சட்டம் அமலுக்கு வருகிறது. அதை அச்சடித்த வில்லியம் பிராட்ஃபோர்டு தடித்த கறுப்புக் கோடுகளைக் கல்லறைக் கல்லின் வடிவில் நிறுத்தியிருக்கிறார். மேலே மண்டையோடு, எலும்பு, மண்வெட்டி. பத்திரிகைப் பெயருக்குக் கீழே, உயிர் பிரிகிறது, மீண்டும் உயிர்த்தெழும் நம்பிக்கையோடு என்ற வாசகம். ஓவியர் யாரும் தேவைப்படவில்லை. கறுப்புக் கோட்டில் பெரும்பகுதி அச்சகத்தில் துக்கச் செய்திக்கு வைத்திருக்கும் அதே உலோகப் பட்டைகள்தாம். இந்தப் படத்தைக் காட்டி, முத்திரைச் சட்டத்தால் பத்திரிகைகள் செத்துப்போயின என்று எழுதுவது இன்னொரு தவறு. சில நின்றன, சில வாரக்கணக்கில் தூங்கின, சில வேடம் மாற்றிக்கொண்டன. அதே ஊரின் பென்சில்வேனியா கெசட் நவம்பர் 7 அன்று, தலைப்பில் தன் பெயரைப் போடாமல் 'முத்திரைத் தாள் எங்கும் கிடைக்கவில்லை' என்று மட்டும் போட்டு வெளிவந்தது. மேரிலாந்து கெசட் செத்ததாக அறிவித்துவிட்டு டிசம்பரில் தன் 'ஆவி'யை அனுப்பியது. 1766 மார்ச்சில் சட்டமே ரத்தானது.

படங்களில்தான் தவறு அதிகம். எட்டுத் துண்டாக வெட்டிய பாம்பு, கீழே 'ஒன்று சேர் அல்லது செத்துப்போ' என்ற வரி. இதை வரி எதிர்ப்புப் படமாகப் போடாத காணொளியே இல்லை எனலாம். பிராங்க்ளினின் பென்சில்வேனியா கெசட்டில் அது வந்தது 1754 மே 9. அன்று எதிரி பிரெஞ்சுக்காரர்கள். காலனிகள் பிரிட்டனோடு நின்று சேர்ந்து போராடுவதற்கான அழைப்பு அது. 1765 செப்டம்பரில் வில்லியம் கோடார்ட் என்பவர் நியூ ஜெர்சியில் அச்சடித்த 'கான்ஸ்டிட்யூஷனல் கோரன்ட்' என்ற ஒற்றை இதழ் அந்தப் பாம்பைத் தலைப்பில் வைத்தபோதுதான் அது வரிக்கு எதிராகத் திரும்பியது. அந்த இதழில் அச்சகத்தின் முகவரி என்ன தெரியுமா? 'ஆண்ட்ரூ மார்வெல், லஞ்சம் மறுத்த பலகையின் கீழ், அரசியலமைப்புக் குன்று, வட அமெரிக்கா'. அப்படி ஓர் ஆளும் அங்கே இல்லை, அப்படி ஒரு குன்றும் இல்லை.

அப்புறம், அமெரிக்கா பற்றிய படம் என்றாலே அமெரிக்காவில் வரைந்தது என்று எடுத்துக்கொள்வது. முத்திரைச் சட்டத்தின் சவ ஊர்வலத்தைக் கேலி செய்யும் 1766-ஆம் வருடப் படம் லண்டனில் செய்தது. சுங்க அதிகாரிக்குத் தார் பூசி இறகு ஒட்டி, வாயில் தேநீரை ஊற்றும் 1774 படமும் லண்டன்தான். அதில் பாஸ்டன்காரர்களின் முகங்களைப் பார்த்தாலே வரைந்தவர் அவர்கள் கட்சி இல்லை என்பது புரிந்துவிடும். அமெரிக்காவைப் பெண்ணாக வரைந்து வாயில் தேநீர் ஊற்றும் படம் அதே வருடம் ஏப்ரலில் லண்டன் மாத இதழில் வந்தது. பாஸ்டன் செதுக்கோவியர் பால் ரெவெர் அதைப் பார்த்துச் செதுக்கி ஜூன் மாதம் பாஸ்டனில் வெளியிட்டார். யாருக்காக, எந்த ஊரில் அச்சானது என்று தெரியாத படத்துக்குப் பொருள் சொல்லாமல் இருப்பதே மேல்.

அச்சில் இருப்பதாலேயே நடந்ததாக எடுத்துக்கொள்வதும் கூடாது. 1765 மே மாதக் கடைசியில் வர்ஜீனியா சட்டமன்றத்தில் முத்திரை வரிக்கு எதிராகப் பேட்ரிக் ஹென்றி கொண்டுவந்த தீர்மானங்களில் ஐந்து நிறைவேறின; ஐந்தாவது மறுநாளே திரும்பப் பெறப்பட்டது. உள்ளூர் வர்ஜீனியா கெசட் அவற்றை அச்சிடவே இல்லை. ஜூன் 24 அன்று ரோட் ஐலண்ட் காலனியின் நியூபோர்ட் மெர்க்குரி வெளியிட்ட பட்டியலிலோ, திரும்பப் பெற்றதும் இருந்தது, நிறைவேறாத ஒன்றும் இருந்தது. மற்ற ஊர்ப் பத்திரிகைகளும் அதே மாதிரிப் பட்டியலைப் பரப்பின. வர்ஜீனியாவே இவ்வளவு துணிந்துவிட்டதா என்று மற்ற காலனிகள் சூடேறியது, வர்ஜீனியா சொல்லாத வார்த்தைகளைப் படித்து! பொய்ச் செய்தி என்று இதைத் தள்ளிவிடவும் முடியாது, விளைவு உண்மை. வர்ஜீனியா என்ன நிறைவேற்றியது, வாசகர்கள் என்ன படித்தார்கள் என்ற இரண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பெயர்களையும் அப்படியே நம்ப வேண்டாம். 'விவசாயி' டிக்கின்சன் லண்டனில் சட்டம் படித்துவந்த பிலடெல்பியா வழக்கறிஞர். வரியை ஆதரித்து 1765-இல் எழுதிய 'ஹாலிஃபாக்ஸ் கனவான்' ஹாலிஃபாக்ஸ்காரரே அல்லர். நியூபோர்ட்டில் இருந்த மார்ட்டின் ஹோவர்ட். 'மாசசூசெட்டென்சிஸ்' என்ற பெயரில் அரசை ஆதரித்து எழுதியவர் டேனியல் லியோனார்ட். அவரோடு அச்சில் மல்லுக்கு நின்ற பின்னாளில் அதிபரான ஜான் ஆடம்ஸே எழுதியது வேறொரு நண்பர் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஹோவர்டைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பு எழுத்து குறைவாக இருப்பதைப் பார்த்து, எல்லாரும் ஒரே மனதாக இருந்தார்கள் என்று முடிவு கட்டாதீர்கள். 1765 ஆகஸ்டில் நியூபோர்ட் கூட்டம் ஹோவர்டின் வீட்டைச் சூறையாடியது. அவர் இங்கிலாந்துக்குத் தப்பினார். 1769-இல் பாஸ்டன் கிரானிக்கிளின் ஜான் மெய்ன், பிரிட்டிஷ் சரக்கை இறக்குமதி செய்ய மாட்டோம் என்று உறுதி எடுத்த வணிகர்களின் கப்பல்களில் என்னென்ன வந்திறங்கின என்று சுங்கக் கணக்கை எடுத்து வாராவாரம் அச்சடித்தார். எதிர்ப்பு இயக்கத் தலைவர்களில் ஒருவரான வணிகர் ஜான் ஹான்காக்கின் பெயரும் அதில் அடிபட்டது. அக்டோபரில் தெருவில் தாக்கப்பட்டார்; அடுத்து அவரும் லண்டனுக்குக் கப்பல் ஏறினார். இதைச் செய்தது, பத்திரிகைச் சுதந்திரத்துக்காகக் கல்லறைப் பக்கம் அச்சடித்த அதே இயக்கம்தான்! மெய்னின் பட்டியல் இன்றைக்கும் படிக்கச் சுவையான சாமான். அவர் துரோகி என்பதற்காக அதை ஒதுக்குவது ஆராய்ச்சிக்கு அழகில்லை.

'அடிமை' என்ற சொல் இந்த எழுத்துகளில் பக்கத்துக்குப் பக்கம் வரும். சம்மதமின்றி வரி கட்டுபவர்கள் அடிமைகள், ஆகவே நாம் அடிமைகள் என்று டிக்கின்சன் ஏழாவது கடிதத்தில் எழுதுகிறார். அவரே அடிமைகளை வைத்திருந்தவர். அவர் கடிதம் வந்த பத்திரிகைகளிலேயே ஓடிப்போன அடிமையைப் பிடித்துத் தந்தால் சன்மானம் என்ற விளம்பரமும் வரும். ஆகவே அந்தச் சொல்லை வெறும் அலங்காரம் என்று தாண்டிப் போவதும் தவறு, யாருக்கும் இந்த முரண் உறைக்கவில்லை என்பதும் தவறு. வெள்ளையரோ கறுப்பரோ எல்லா மனிதரும் பிறப்பால் சுதந்திரர் என்று ஓடிஸ் 1764-லேயே அச்சில் எழுதிவிட்டார்.

கடைசியாகத் தேயிலை. 1773 சட்டம் தேயிலை விலையை ஏற்றியது என்பது பாடப்புத்தகங்களைத் தாண்டியும் ஓடும் தவறு. அது விலையைக் குறைத்தது. கிழக்கிந்தியக் கம்பெனியைக் கடனிலிருந்து மீட்க நேரடி விற்பனைக்கு வழிவிட்டது. பவுண்டுக்கு மூன்று பென்ஸ் என்ற பழைய டவுன்ஷெண்ட் தீர்வை அப்படியே இருந்தது. மலிவான தேநீரைக் குடித்தால் தீர்வைக்குத் தலையாட்டியதாகும் என்பதும், கம்பெனியின் ஏகபோகம் அடுத்து எதன்மேல் பாயும் என்பதும்தான் அச்சில் வந்த பயம். அந்தப் பிரசுரங்களில் இந்தியா வருவதை நம்மவர்களே கவனிப்பதில்லை. 'ரஸ்டிகஸ்' என்ற பெயரில் டிக்கின்சன் 1773 இறுதியில் எழுதிய கடிதம், ஆசியாவில் கம்பெனி நடந்துகொண்ட விதத்தைப் பாருங்கள் என்கிறது. நிலம் விளையாததால் இல்லை, கம்பெனியும் அதன் ஆட்களும் உணவுப் பொருளைப் பதுக்கியதால் ஒரே வருடத்தில் 15 லட்சம் பேர் பட்டினியால் மாண்டதாகச் சொல்கிறார்கள் என்று எழுதுகிறார். வங்காளப் பஞ்சத்தைத்தான் சொல்கிறார்.

1773 நவம்பரில் பிலடெல்பியாவில் இன்னொரு ஒற்றைத் தாள் சுற்றியது. கையெழுத்து: 'தார் பூசி இறகு ஒட்டும் குழு'. டெலவேர் ஆற்றில் கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட்டுகளுக்கும், தேயிலையோடு வந்துகொண்டிருந்த 'பாலி' கப்பலின் கேப்டன் ஏயர்ஸுக்கும் எழுதியது. கழுத்தில் ஒரு கயிறு, தலையில் பத்து கேலன் தார், அதன்மேல் ஒரு டஜன் காட்டு வாத்துகளின் இறகு, எப்படி இருக்கும் கேப்டன் என்று மரியாதையாகக் கேட்கிறது. இதை நகைச்சுவை என்று மட்டும் படித்தாலும் பிசகு, கலவரச் செய்தி என்று மட்டும் படித்தாலும் பிசகு. வாதத்துக்கு 12 கடிதம் எழுதிய ஊரிலேயே மிரட்டலுக்கு ஒரு தாள் போதுமானதாக இருந்தது. கேப்டன் ஏயர்ஸ் ஒரு பெட்டித் தேயிலையைக்கூட இறக்காமல் லண்டனுக்கே கப்பலைத் திருப்பினார்.