ஹேட்ச் ஒழுகுகிறதா? சிலிக்கான் டியூபை உடனே எடுக்காதீர்கள்

படகின் டெக் ஹேட்ச்சில், அதாவது மேல்தளத்தில் திறந்து மூடும் ஜன்னல் போன்ற மூடியில், நீர் சொட்டத் தொடங்கியதும் பலரும் செய்வது ஒன்றுதான்: சிலிக்கானை எடுத்து, சட்டத்தைச் சுற்றி வெளிப்பக்கம் ஒரு வரி இழுத்துவிடுவது. கொஞ்ச நாள் ஒழுகல் நின்றதுபோல் இருக்கும். பிறகு வேறு மூலையில் சொட்டும். மேலே பூசிய வரி, ஏற்கெனவே உள்ளே போன நீரை வெளியேறவிடாமல் அடைத்துவைக்கிறது. கூடவே, சிலிக்கான் பட்ட இடத்தில் பின்னால் வேறெந்தப் பூச்சும் சரியாகப் பிடிக்காது. கரைப்பானில் துடைத்தால் மட்டும் அது போகாது. சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். வினிகர் வாடை வரும் வகையென்றால் அதிலுள்ள அமிலம் அலுமினியத்தையும் அரிக்கும்.

நீர் புகும் வழிகள் முக்கியமாக மூன்று. மூடி அழுந்தி உட்காரும் ரப்பர், சட்டமும் டெக்கும் சேரும் இடம், அக்ரிலிக் பலகை அலுமினியச் சட்டத்தில் பதிந்த விளிம்பு. கைப்பிடித் தண்டிலுள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எது என்று தெரியாமல் கைவைப்பது அடுத்த தவறு.

ரப்பரை சாக்பீஸ் காட்டிக்கொடுக்கும். ரப்பர் அழுந்தும் விளிம்பு முழுக்கச் சாக்பீஸைத் தேய்த்து, மூடியைப் பூட்டித் திறந்து பாருங்கள். ரப்பரில் வெள்ளைக் கோடு எங்கே அறுந்திருக்கிறதோ, அங்கே அது தொடவில்லை. பெரும்பாலும் மூலையில்தான் அறுந்திருக்கும். மற்ற இரண்டுக்கும் ஹோஸ் போதும். ஆனால் பீய்ச்சி அடிக்கக் கூடாது, மேலிருந்தும் தொடங்கக் கூடாது. மேலே ஊற்றினால் எல்லா இணைப்பும் நனைந்து, எதுவும் தெரியாமல் போகும். முதலில் டெக்கும் சட்டமும் சேரும் கோட்டில் மட்டும் 10 நிமிடம் மெதுவாக நீர் விடுங்கள். ஒருவர் உள்ளே டார்ச்சோடு இருக்கட்டும். அங்கே வரவில்லை என்றால் மூடியின் விளிம்பு, கடைசியாகப் பலகை. உட்கூரைப் பலகையை முன்பே கழற்றிவிடுவது நல்லது, ஏனென்றால் நீர் அதன் மேலேயே ஓடி, புகுந்த இடத்திலிருந்து வெகு தள்ளிச் சொட்டும். மழையே இல்லாத குளிர்ந்த காலையில் சட்டத்தின் உட்புறம் முத்து முத்தாக நீர் நின்றால் அது ஒழுகலே அல்ல, மூச்சுக்காற்றின் ஈரம். அதற்குக் காற்றோட்டம்தான் வழி.

ரப்பர் மாற்றுவது சின்ன வேலை. அதிலும் இழுத்துப் பிடித்து ஒட்டுவது வழக்கமான பிழை. இழுத்த ரப்பர் சில வாரங்களில் சுருங்கி, இணைப்பில் இடைவெளி விடும். சுற்றளவைவிட ஓரிரு சதவீதம் கூடுதலாக வெட்டி, தள்ளித் தள்ளிப் பொருத்துங்கள். இணைப்பு கீல் பக்கத்தின் நடுவில் வரட்டும், மூலையில் வேண்டாம். தடிமனான ரப்பர் போட்டால் நன்றாக அடைக்கும் என்பதும் தப்பு. பூட்டும்போது மூடி வளைந்து, எதிர்ப்பக்கம் தூக்கும். உயரத்தில் கால்பங்கு அழுந்தினால் போதும்.

உண்மையான சேதம் நடப்பது சட்டத்துக்குக் கீழே. ஒரு ஸ்க்ரூவைக் கழற்றிப் பாருங்கள்: நுனி துருப்பிடித்து, துளையிலிருந்து காப்பித் தண்ணீர் போலப் பழுப்பு நீர் வந்தால், டெக்கின் இரு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவிலுள்ள பால்சா என்ற இலேசான மரம் அல்லது பிளைவுட் ஊறிவிட்டது என்று பொருள். அதன்மேல் புதுப் பூச்சு போட்டால் அழுகல் உள்ளே தொடரும். சட்டத்தை முழுதாக எடுத்து, வெட்டு விளிம்பில் நடுமரத்தைச் சுமார் 15 மில்லிமீட்டர் ஆழம் குடைந்து, நன்றாக உலரவிட்டு, கெட்டியாக்கிய எபாக்ஸிப் பிசினால் நிரப்புங்கள். அழுகல் அதைத் தாண்டிப் போயிருந்தால் அது வரை வெட்டியெடுக்காமல் தீராது. ஸ்க்ரூ துளைகளையும் பெரிதாக்கி, எபாக்ஸியால் அடைத்து, இறுகியபின் புதிதாகத் துளையுங்கள். இந்த ஒரு வேலையைத் தவிர்ப்பவர்களே திரும்பத் திரும்ப ஹேட்ச்சைக் கழற்றுகிறார்கள்.

திரும்பப் பொருத்த, ஸ்க்ரூவால் பிடிக்கும் சட்டத்துக்குப் பியூட்டைல் டேப் (மெழுகுபோல் மிருதுவான, ஒட்டும் ரப்பர் நாடா) எங்கள் தேர்வு. பாலியூரித்தேன் பசையில் ஒட்டினால், அடுத்த முறை சட்டம் டெக்கின் மேல்பூச்சான ஜெல்கோட்டைப் பிய்த்துக்கொண்டுதான் வரும். முதல் நாளே முழுபலத்தில் முறுக்காதீர்கள். டேப் மெதுவாகத்தான் நகரும். மூன்று நான்கு நாள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, பிதுங்கியதை வெட்டுங்கள். டெக் வளைந்திருந்தால் ஸ்க்ரூவால் சட்டத்தை இழுத்துப் பணியவைக்க வேண்டாம். முறுக்கிய சட்டத்தில் எந்த ரப்பரும் உட்காராது. பள்ளத்தை எபாக்ஸியால் மட்டப்படுத்திவிட்டுத் தொடங்குங்கள்.

அக்ரிலிக் பலகையை அசிட்டோனால் துடைத்தால் நுண்விரிசல் ஓடும்; சோப்பு நீர் போதும். பாலிசல்ஃபைடு என்ற அடைப்புப் பூச்சும் அக்ரிலிக்கைக் கெடுக்கும், பியூட்டைல் அதைத் தாங்கிப் பிடிக்காது. இங்கேதான் சிலிக்கானுக்கு இடம், அதுவும் அமிலமில்லாத, கண்ணாடி பதிக்கும் வகை. பலகையைச் சட்டத்தில் இறுக்கிச் செருகுவது கடைசித் தவறு: 500 மில்லிமீட்டர் அகலப் பலகை, 40 டிகிரி வெப்ப மாற்றத்தில் ஏறக்குறைய 1.4 மில்லிமீட்டர் விரியும். சுற்றிலும் 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதை முழுக்கப் பூச்சால் நிரப்புங்கள். டியூபில் குறித்த நேரம் முழுதாக ஆறியபிறகே மறுபடி ஹோஸைத் திறக்கலாம்.