ஓநாயும் அதன் துணையினங்களும்: வகைப்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேலூர், கொட்டாம்பட்டி பக்கம் ஆட்டுக்கிடையில் ராத்திரி ஒரு குட்டி காணாமல் போனால், விடிவதற்குள் "ஓநாய் வந்திருச்சு" என்ற பேச்சு கிளம்பிவிடும். கூடவே மங்கலான வீடியோ ஒன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றும். அதைப் பார்த்துவிட்டு இந்திய ஓநாயா, இமயமலை ஓநாயா என்று துணையினம் (ஓர் இனத்துக்குள் வரும் வட்டார வகை) வரைக்கும் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். ஆர்வம் நல்லதுதான். ஆனால் ஓநாய்களை வகைப்படுத்துவது ஒரு படத்தோடு முடிகிற வேலை இல்லை. விலங்கியல் படித்தவர்களும் காட்டுயிர் பற்றி எழுதுகிறவர்களும்கூட இதில் வழுக்கி விழுகிற இடங்கள் உண்டு.

எந்த விலங்கு என்று பார்க்காமலே துணையினத்துக்குத் தாவுவது

முதல் தவறு இதுதான். நரியைப் பரியாக்கிய லீலையை ஆவணி மூலத் திருவிழாவில் ஆண்டுதோறும் நடத்துகிற ஊர் மதுரை. நரி இங்கே யாருக்கும் புதிது இல்லை. இருந்தும் இருட்டில் பார்த்தால் நரி ஓநாயாகிவிடுகிறது. நம் கண்மாய்க்கரைகளில் ஊளையிடும் நரி கேனிஸ் ஆரியஸ் என்ற இனம். எடை 7 முதல் 11 கிலோ வரை இருக்கும். இந்திய ஓநாய் ஏறத்தாழ அதைப்போல இரண்டு மடங்கு, 17 முதல் 25 கிலோ வரை. கால் நீளம், மார்பு ஒடுக்கம். இன்று அது வாழும் இடங்கள் குஜராத், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், வட கர்நாடகம் என்று பெரும்பாலும் வறண்ட புல்வெளியும் முள்காடும்தான். கர்நாடகத்தின் கொப்பள் மாவட்டத்தில் பங்காபுரா என்ற இடத்தில் ஓநாய்க்கென்றே ஒரு சரணாலயம் இருக்கிறது. மேலூர்க் கிடைக்குள் புகுந்தது அநேகமாக நரியாகவோ தெருநாய்க் கூட்டமாகவோதான் இருக்கும்.

மேகமலைப் பக்கம் பார்க்கிற செந்நாயையும் ஓநாயின் ஒரு வகை என்று பலர் நினைக்கிறார்கள். அது கேனிஸ் பேரினத்திலேயே சேராது. குவோன் அல்பினஸ் என்று தனிப் பேரினம். தாடையைத் திறந்து பார்த்தால் காரணம் கண்ணுக்குத் தெரியும். ஓநாய்க்கும் நரிக்கும் நாய்க்கும் கீழ்த்தாடையில் ஒவ்வொரு பக்கமும் மூன்று பின்கடைவாய்ப் பற்கள். செந்நாய்க்கு இரண்டுதான். மொத்தத்தில் அவற்றுக்கு 42 பல், செந்நாய்க்கு 40. முகமும் குட்டையாக இருக்கும். காட்டில் தாடையைத் திறந்து பார்க்க முடியாதுதான், ஆனால் செம்பழுப்பு உடம்பும் கறுத்த புசுபுசு வாலும் தூரத்திலேயே தெரியும்.

ஒரு விலங்கின் நிறத்தை வைத்துத் துணையினம் சொல்வது

துணையினம் என்பது தனி விலங்குக்கு ஒட்டுகிற பெயர் அல்ல. ஒரு நிலப்பரப்பில் வாழும் கூட்டம் முழுவதற்கும் உரியது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளில் ஒன்று சாம்பலாகவும் ஒன்று கருப்பாகவும் இருக்கலாம். குளிர்காலத்தில் உரோமம் அடர்ந்தால் அதே ஓநாய் வேறு விலங்குபோல் தெரியும். ஒரு வட்டாரத்து விலங்குகளில் குறைந்தது 75 சதவீதத்தையாவது பக்கத்து வட்டாரத்து விலங்குகளிடமிருந்து பிரித்து அடையாளம் காண முடிந்தால்தான் துணையினம் என்று சொல்லலாம் என்று பழைய விதி ஒன்று உண்டு. எல்லோரும் அதைக் கறாராகப் பின்பற்றுவதில்லை. ஆனாலும் எத்தனை மண்டையோடுகளை அளந்தோம், எங்கிருந்து எடுத்தவை என்ற கேள்வியைக் கேட்க வைக்கிற விதி அது.

ஓநாயில் இந்தச் சிக்கல் பெரிது, ஏனென்றால் அது நெடுந்தூரம் போகிற விலங்கு. இடம் மாற மாற உடலளவும் நிறமும் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். குளிர் நாட்டில் பெருத்திருக்கும், வெப்ப நாட்டில் சிறுத்திருக்கும். மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் வழியில் பேச்சு எந்த ஊரில் மாறுகிறது என்று கோடு போட முடியாது, ஆனால் இரண்டு முனையிலும் பேச்சு வேறுதான். ஓநாய்க் கூட்டங்கள் பலவும் அப்படித்தான். வட அமெரிக்காவில் 1944-இல் விலங்கியலாளர் எட்வர்ட் கோல்ட்மேன் மண்டையோட்டு அளவுகளையும் தோலின் நிறத்தையும் வைத்து இருபதுக்கும் மேற்பட்ட துணையினங்களைப் பிரித்தார். 1995-இல் ரொனால்ட் நோவாக் மண்டையோடுகளைப் புள்ளியியல் முறையில் மறுபடி ஆராய்ந்து அவற்றை 5 ஆகச் சுருக்கினார். ஓநாய்கள் மாறவில்லை, கோடு போடுகிற விதம் மாறியது.

நாட்டு நாய் ரகங்களைத் துணையினம் என்பது

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் ரகங்கள். மனிதர் தேர்ந்தெடுத்து வளர்த்ததால் வந்தவை. வாடிப்பட்டி வட்டாரத்துக் கச்சைக்கட்டிக் கருப்பு ஆடும் அப்படியே. உலகத்து வீட்டு நாய்கள் அத்தனைக்கும் சேர்த்து ஒரே அறிவியல் பெயர்தான். அந்தப் பெயர் கேனிஸ் லூபஸ் ஃபெமிலியாரிஸ் என்று ஓநாயின் துணையினமாக இருக்க வேண்டுமா, கேனிஸ் ஃபெமிலியாரிஸ் என்று தனி இனமாக இருக்க வேண்டுமா என்பதில் இன்னும் இரண்டு கட்சி உண்டு. உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758-இல் ஓநாய்க்கும் நாய்க்கும் தனித்தனிப் பெயர்தான் வைத்தார்.

ஒரே ஒரு மரபணுச் சான்றை நம்பிவிடுவது

மண்டையோட்டை விட மரபணு மேல், அதனால் மரபணு ஆய்வு சொன்னால் முடிந்தது என்று நினைப்பதும் தவறுதான். எந்த மரபணு என்று கேட்க வேண்டும். பல ஆண்டுகளாக இழைமணி (மைட்டோகாண்ட்ரியா) டிஎன்ஏவைத்தான் அதிகம் பயன்படுத்தினார்கள். அது தாய் வழியாக மட்டும் வருவது. தந்தை வழியில் என்ன கலந்தது என்று அது சொல்லாது. ஓநாய், கொயோட் என்ற வட அமெரிக்க விலங்கு, நரி, நாய் எல்லாவற்றுக்கும் 78 குரோமோசோம்கள். தங்களுக்குள் கலந்து ஈனக்கூடிய விலங்குகள் இவை.

ஆப்பிரிக்காவில் நடந்தது இதற்கு நல்ல பாடம். அங்கே நரி என்று நினைத்திருந்த ஒரு விலங்கை, 2011-இல் வந்த இழைமணி ஆய்வு சாம்பல் ஓநாயின், அதாவது கேனிஸ் லூபஸின், துணையினம் என்றது. 2015-இல் முழு மரபணுத் தொகுதியைப் பார்த்தபோது அது நரியும் இல்லை, சாம்பல் ஓநாயும் இல்லை, தனி இனம் என்று தெரிந்தது. இன்று அது கேனிஸ் லுபாஸ்டர். 2018-இல் வந்த ஆய்வு, சாம்பல் ஓநாய் வழியும் எத்தியோப்பிய ஓநாய் வழியும் அதில் கலந்திருப்பதைக் காட்டியது. ஏழே ஆண்டுகளில் மூன்று விடை. அதற்காக யாரும் பொய் சொன்னார்கள் என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு முறையும் கையில் இருந்த சான்று கூடிக்கொண்டே போனது.

எலும்பு, மரபணு, வாழிடம், குரல், நடத்தை என்று பல திசையிலிருந்து வரும் சான்றுகள் ஒரே பக்கம் காட்டும்போதுதான் ஒரு பெயர் நிலைக்கிறது. அமெரிக்கச் செவ்வோநாய் தனி இனமா, ஓநாயும் கொயோட்டும் கலந்த கலப்பா என்று பல பத்தாண்டுகள் சண்டை. 2019-இல் அந்த நாட்டுத் தேசிய அறிவியல் கழகங்களின் குழு எல்லாச் சான்றையும் சேர்த்துப் பார்த்துத் தனி இனமாகவே கொள்ளலாம் என்றது. அப்புறமும் வாதம் அடங்கவில்லை.

முதலில் பெயர் பெற்றதை மூலம் என்று நினைப்பது

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான், ஏனென்றால் இது நம் ஓநாயைத் தொடுகிறது. கேனிஸ் லூபஸ் லூபஸ் என்று பெயர் இரட்டித்து வருவதால் ஐரோப்பிய ஓநாய்தான் அசல், மற்றவையெல்லாம் அதன் கிளை என்று ஓர் எண்ணம் வந்துவிடுகிறது. லின்னேயஸ் ஐரோப்பியர், தனக்குத் தெரிந்த ஓநாய்க்கு முதலில் பெயர் வைத்தார். அவ்வளவுதான். இந்திய ஓநாயை கேனிஸ் பாலிப்பெஸ் என்று தனி இனமாக 1831-இல் தக்காணத்திலிருந்து விவரித்தவர் வில்லியம் ஹென்றி சைக்ஸ். பிறகு அதைச் சாம்பல் ஓநாயின் துணையினமாக்கினார்கள். இமயமலை, திபெத் ஓநாய்க்கு சாங்கோ என்ற பெயர் 1863-இல் வந்தது.

இவை இரண்டும் மற்ற ஓநாய்களிலிருந்து மிக முன்பே பிரிந்த வழிகள் என்று 2000-க்குப் பிறகு வந்த ஆய்வுகள் காட்டத் தொடங்கின. ஹைதராபாத்தில் உள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்து ஆய்வாளர்கள் இரண்டையும் தனி இனங்களாக்கலாம் என்றே முன்மொழிந்தார்கள். 2021-இல் வெளிவந்த முழு மரபணு ஆய்வும் இந்திய ஓநாயின் வழி மிகப் பழையது என்றது. இங்கேயும் ஒரு வழுக்கல் காத்திருக்கிறது: பழைய கிளை என்றால் மற்ற ஓநாய்களின் மூதாதை என்று பொருள் இல்லை. பொது மூதாதையிடமிருந்து முன்பே பிரிந்தது என்றுதான் பொருள். பிரிந்த பிறகு அதுவும் மற்றவற்றைப் போலவே மாறிக்கொண்டுதான் வந்திருக்கிறது.

பெயரில் என்ன இருக்கிறது என்று இதை விட்டுவிட முடியாது. உலகம் முழுவதும் ஓநாயை ஒரே இனமாக எண்ணும்போது, எந்த விலங்குக்கு அழிவு ஆபத்து எவ்வளவு என்று சொல்லும் பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் அது அழிவு அச்சம் குறைந்த விலங்குகளின் வரிசையில் நிற்கிறது. சைபீரியாவிலும் கனடாவிலும் ஏராளமாக இருப்பதால் வரும் கணக்கு அது. இந்தியாவில் இருப்பவை சுமார் 3000. புல்வெளியைத் தரிசு என்று எழுதி ஆலைக்கும் சூரிய மின் பண்ணைக்கும் கொடுக்கும்போது அழிவது இந்தப் பழைய வழி.

பெயரில் ஓநாய் இருந்தால் ஓநாய் என்பது

டாஸ்மேனிய ஓநாய் வயிற்றுப்பை உள்ள விலங்கு, கங்காருவுக்குத்தான் உறவு. தென் அமெரிக்காவின் பிடரி ஓநாய் வேறு பேரினம். பனியுகத்தோடு அழிந்துபோன டயர் ஓநாயும் சாம்பல் ஓநாய்க்கு நெருங்கிய சொந்தமில்லை என்று 2021-இல் தெரிந்து, ஈனோசியான் என்ற பழைய பேரினப் பெயருக்கே போனது. 2025-இல் டயர் ஓநாய் உயிர்பெற்றது என்று செய்தி வந்ததே, அந்தக் குட்டிகள் 20 இடங்களில் மரபணுத் திருத்தம் செய்த சாம்பல் ஓநாய்கள்.

எழுதும்போது

உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் நாய்க்குடும்பத்து விலங்கு எதையாவது பார்த்தால் இடம், நாள், நேரம், தனியாக வந்ததா கூட்டமாகவா, வால் நுனியின் நிறம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வால் நுனி கறுத்து உடம்பும் சிறுத்திருந்தால், மேலே சொன்ன நரி இல்லாமல், வங்காள நரி என்ற வேறொரு சின்ன இனமாக இருக்கலாம். உயரம் தெரிவதற்கு வேலிக்கல்லோ வரப்போ படத்தில் விழட்டும். இனத்தின் பெயர் வரை எழுதினால் போதும். துணையினத்தை எழுதியே ஆக வேண்டும் என்றால் எந்தப் பட்டியலை, எந்த ஆண்டுப் பதிப்பைப் பின்பற்றினீர்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். 2005-இல் வெளியான பாலூட்டிகள் பட்டியலில் ஓநாய்க்கு முப்பதுக்கும் மேற்பட்ட துணையினங்கள் உண்டு. அவற்றில் பலவற்றை இன்று எல்லோரும் ஏற்பதில்லை.