பழைய ஸ்டெர்லிங் வெள்ளி பார் சாமான்: முதல் உருப்படியை ஏமாறாமல் வாங்குவது எப்படி

மூன்று வருடம் முன்பு, இங்கே அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஒரு எஸ்டேட் சேலில் (ஒரு வீட்டுச் சாமான்களை மொத்தமாக விற்பது) பாட்டில் ஓப்பனர், கார்க் ஸ்க்ரூ, பார் கத்தி என்று மூன்று உருப்படிகள் சேர்ந்த செட் ஒன்றை வாங்கினேன். மூன்றிலும் ‘ஸ்டெர்லிங்’ முத்திரை தெளிவாக இருந்தது. எடை போட்டு, அன்றைய வெள்ளி விலையால் பெருக்கிப் பார்த்துத்தான் பணம் கொடுத்தேன். கணக்கு முழுக்கத் தப்பு. நம் ஊர்க் கடையில் வெள்ளி வாங்கினால் எடை, செய்கூலி, சேதாரம் என்றுதான் பேச்சு போகும். அந்தப் பழக்கத்தை இந்தப் பொருள்களிடம் கொண்டுவரக் கூடாது. முதலில் முத்திரையைப் படிக்க வேண்டும், பிறகு பொருள் எப்படிச் செய்யப்பட்டது என்று பார்க்க வேண்டும், எடை கடைசியில்தான்.

நான் சேர்ப்பது 1945 முதல் 1965 வரையிலான பார் சாமான்கள், அதாவது மதுபானம் கலக்கவும் பரிமாறவும் உதவுபவை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் பானத்தைக் குலுக்கிக் கலக்கும் ஷேக்கரை விட்டுவிடுங்கள், விலை அதிகம். மதுவை அளந்து ஊற்றும் ஜிக்கர் ஒன்றை வாங்குங்கள். ஒரு பக்கம் 1 அவுன்ஸ், மறுபக்கம் 2 அவுன்ஸ் பிடிக்கிற இரட்டை அளவுக் கிண்ணம் நல்ல தொடக்கம். அடுத்தது ஜூலெப் கப், அதாவது ஜூலெப் என்ற புதினா பானத்துக்கான கோப்பை.

படி 1: கையில் இருக்க வேண்டியவை

10 மடங்கு பெரிதாக்கும் லூப், 0.1 கிராம் காட்டும் சின்ன தராசு, போன் டார்ச். போதும். காந்தம் பெரிய உதவி இல்லை. இரும்பு இல்லை என்று மட்டும்தான் அது சொல்லும். வெள்ளி முலாம் பூசிய பித்தளையிலும் அது ஒட்டாது. ஆசிட் சோதனை கிட் வேண்டவே வேண்டாம், நல்ல பொருளில் கறை விழுந்துவிடும்.

படி 2: கவிழ்த்துப் படியுங்கள்

அமெரிக்கப் பொருள் என்றால் ‘ஸ்டெர்லிங்’ அல்லது ‘925’ என்று இருக்கும். அதாவது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு. இங்கிலாந்துப் பொருளில் நடக்கும் சிங்கத்தின் உருவ முத்திரை இருக்க வேண்டும். ‘ஷெஃபீல்ட்’ என்ற ஊர்ப் பெயர் மட்டும் இருந்தால் அதை நம்பாதீர்கள், முலாம் பூசியதிலும் அந்தப் பெயர் வரும். மெக்சிகோவின் டாஸ்கோ ஊர்ச் சாமான்களில் 1948 முதல் கழுகு முத்திரை வந்தது. டென்மார்க்கின் ஜார்ஜ் ஜென்சன் நிறுவனப் பொருள் என்றால் புள்ளிகளால் ஆன நீள்வட்டத்துக்குள் பெயர் இருக்கும். அந்த முத்திரை 1945 முதல் புழக்கத்தில் இருக்கிறது.

அமெரிக்காவின் கோர்ஹம் நிறுவனத்தின் கிண்ணங்களை நான் முதலில் தேடுவதற்குக் காரணம் உண்டு. சிங்கம், நங்கூரம், ‘ஜி’ எழுத்து ஆகியவற்றுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் எண் இருந்தால், செய்த வருடத்தையே படித்துவிடலாம். நாற்கோணம் 1940கள், ஐங்கோணம் 1950கள், அறுகோணம் 1960கள். உள்ளே இருப்பது கடைசி இலக்கம். ஐங்கோணத்துக்குள் 6 என்றால் 1956. லூப் இல்லாமல் இது கண்ணில் படாது.

‘இ.பி.என்.எஸ்.’, ‘குவாட்ருபிள் பிளேட்’ என்று இருந்தால் அது முலாம். ‘1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ்’ என்பதும் முலாம்தான். அந்த 1847 பிராண்ட் பெயரின் பகுதி. பொருள் செய்த வருடம் அல்ல.

படி 3: உள்ளே என்ன இருக்கிறது?

நான் தவறியது இங்கேதான். ஓப்பனர், கத்தி, கார்க் ஸ்க்ரூ போன்றவற்றில் வேலை செய்யும் பகுதி எஃகு. கைப்பிடி மட்டும்தான் வெள்ளி. அந்தக் கைப்பிடியும் மெல்லிய தகட்டை இரண்டு பாதியாக அழுத்தி ஒட்டியது. உள்ளே பிசினோ சிமென்டோ நிரப்பியிருப்பார்கள். முத்திரை பொய் சொல்லவில்லை. தகடு உண்மையிலேயே ஸ்டெர்லிங். ஆனால் நான் போட்ட எடையில் பெரும்பகுதி எஃகும் நிரப்பியும்.

கண்டுபிடிக்கும் வழி இது. கைப்பிடியும் எஃகும் சேரும் இடத்தில் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். கைப்பிடியின் ஓரம் நெடுக டார்ச் அடித்தால் ஒட்டுத் தையல் தெரியும். நகத்தால் தட்டினால் மந்தமான சத்தம் வரும். ‘வெயிட்டட்’, ‘ரீஇன்ஃபோர்ஸ்டு’ என்ற சொற்கள் எங்காவது இருந்தால் அதற்கும் இதே அர்த்தம். அப்படிப்பட்டதை அழகுக்காகவும் உபயோகத்துக்காகவும் வாங்கலாம், நானும் வாங்குகிறேன். வெள்ளி எடை விலை மட்டும் கொடுக்காதீர்கள்.

அப்புறம் நான் செய்த இரண்டாவது தவறு. கறுப்பு போக வேண்டும் என்று அலுமினியத் தாள், சோடா உப்பு, கொதிநீர் முறையில் அந்தக் கத்தியை முக்கினேன். சூட்டில் உள்ளே இருந்த பிசின் இளகி, கத்தியின் அலகு கையோடு கழன்று வந்துவிட்டது. நிரப்பிய கைப்பிடியை ஒருபோதும் வெந்நீரில் ஊற வைக்காதீர்கள். பாத்திரம் கழுவும் மெஷினும் கூடாது.

படி 4: உடம்பைப் பாருங்கள்

விளிம்பிலும் அடி வளையத்திலும் மஞ்சளோ செம்போ எட்டிப் பார்த்தால் முலாம் தேய்ந்திருக்கிறது. பக்கவாட்டில் வாயால் ஊதுங்கள். அழித்த மோனோகிராம் (பொறித்த பெயரெழுத்து) இருந்தால் ஆவியில் ஒரு கணம் தெரியும். அந்த இடத்தைக் கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பாருங்கள், தகடு மெலிந்திருக்கலாம். அழிக்காத மோனோகிராம் எனக்குப் பிடிக்கும். விலையும் குறைவாகக் கிடைக்கும். யாரோ ஒருவர் வீட்டுப் பெயரெழுத்து அது, இருந்துவிட்டுப் போகட்டும்.

1980 ஜனவரியில் வெள்ளி ஒரு அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியபோது இப்படிப்பட்ட பொருள்கள் ஏராளமாக உருக்கப்பட்டன. தப்பி வந்த ஒன்று கைக்கு வந்தால் அதை உருக்கும் விலையில் மட்டும் மதிப்பிட எனக்கு மனம் வருவதில்லை.

படி 5: துடைப்பது

வெள்ளிக்கென்றே உள்ள கிரீம், மெல்லிய பருத்தித் துணி, நேர்கோட்டில் தேய்ப்பு. பளபளப்பு முழுசாக வர வேண்டியதில்லை. வேலைப்பாட்டின் பள்ளங்களில் இருக்கும் கறுப்பை விட்டுவிடுங்கள், அதுதான் வடிவத்தை எடுத்துக் காட்டுகிறது. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைக்காதீர்கள். அதிலுள்ள கந்தகம் கோடு போட்டுவிடும்.

பிறகு சேர்த்தது: விபூதியால் தேய்க்கலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். என் அம்மா குங்குமச் சிமிழை அப்படித்தான் தேய்ப்பார். ஆனால் கண்ணாடி போன்ற பரப்புள்ள ஜிக்கரில் விபூதியும் பற்பசையும் கீறல் போடும். வேண்டாம்.

இன்னொன்று: ஒருவர் சமையல் தராசில் அவுன்ஸ் போட்டுவிட்டு, விலை இடிக்கிறதே என்று எழுதியிருந்தார். சமையல் அவுன்ஸ் 28.35 கிராம், வெள்ளி விற்கும் ட்ராய் அவுன்ஸ் 31.1 கிராம். கிராமிலேயே எடை போடுங்கள். 100 கிராம் ஜூலெப் கப் என்றால் 92.5 கிராம் சுத்த வெள்ளி, அதாவது ஏறக்குறைய 2.97 ட்ராய் அவுன்ஸ்.

கடைசியாகச் சேர்த்தது: வாங்கியதை அலமாரியில் பூட்டாமல் உபயோகிக்கிறவர்களுக்கு. உப்பு வெள்ளியை அரித்துப் புள்ளி போடும், முட்டை கறுப்பாக்கும். உப்போடு பரிமாறும் மார்கரிட்டா பானமோ முட்டை வெள்ளைக்கரு சேர்த்த பானமோ கலந்தால், விருந்தினர் போகும் வரை காத்திருக்காமல் அப்போதே வெதுவெதுப்பான தண்ணீரில் அலசித் துடைத்துவிடுங்கள்.