ஏற்காட்டுக் குளிரில் தீ மூட்டுவோர் செய்யும் தவறுகள்

மார்கழிக் குளிரில் வாசலில் மூட்டிய தீ அடங்கியதும், மிஞ்சிய தணலை இரும்புச் சட்டியில் அள்ளி அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்வது மலையில் பலருக்குப் பழக்கம். புகைதான் நின்றுவிட்டதே என்று நினைக்கிறார்கள். இருப்பதிலேயே உயிரைப் பறிக்கும் தவறு இதுதான்.

கரிப் படுகையின் அடியில் ஆக்சிஜன் கிடைத்து கார்பன் டை ஆக்சைடு உண்டாகிறது. அது மேலேயுள்ள செந்தணலைக் கடக்கையில் கரியோடு வினைபுரிந்து கார்பன் மோனாக்சைடு ஆகிறது. தணலின் மேல் நீலமாக ஆடும் சுடர், அந்த வாயு எரிவதுதான். சுடர் அடங்கிச் சாம்பல் பூத்தபின் அது எரியாமலே வெளியேறும். நாம் உள்ளே எடுத்து வருவதும் அப்போதுதான்! நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் பற்றிக்கொள்ளும். எடை கிட்டத்தட்டக் காற்றின் எடையே என்பதால் கட்டிலில் படுத்தாலும் தரையில் படுத்தாலும் ஒன்றுதான். ஜன்னலை ஒரு விரல் திறந்து வைப்பதை நம்ப வேண்டாம்; சட்டி வெளியிலேயே இருக்கட்டும். அறையில் இருப்பவர்களுக்குத் தலைவலி, குமட்டல், அசதி சேர்ந்து வந்தால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள்.

அடுத்தது பச்சை விறகு. காப்பித் தோட்டத்தில் கவாத்து செய்த சில்வர் ஓக் கிளையை அன்றே அடுப்பில் வைத்தால் புகைதான் மிஞ்சும். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதை ஆவியாக்கவே சூடு செலவாகிறது. சூடு போதாமல் மரத்திலிருந்து வரும் வாயுக்கள் எரியாமல் போவதுதான் புகை. கண் எரிச்சலோடு விறகும் வீண். பிளந்து அடுக்கி, மேலே மட்டும் தார்ப்பாய் போட்டு, பக்கங்களைத் திறந்து விடுங்கள். முழுக்கப் போர்த்தினால் ஈரம் உள்ளேயே தங்கும். ஆறு மாதமாவது காய வேண்டும். இரண்டு கட்டைகளைத் தட்டினால் ‘டங்’ என்று கேட்க வேண்டும், ‘தொப்’ என்றல்ல. காயாத விறகின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றுவது கைமுடியைப் பொசுக்கிக்கொள்ளும் வழி.

கேஸ் அடுப்பில் சுடர் மஞ்சளாகிப் பாத்திரத்தின் அடி கறுத்தால் காற்று சரியாகக் கலக்கவில்லை. அடுப்பை அணைத்து ஆறவிட்டு, பர்னர் துளைகளை ஊசியால் குத்திக் கழுவி, ஈரமில்லாமல் காயவைத்து மாட்டுங்கள்.

சேலத்தைவிட ஏற்காட்டில் சோறு வேகத் தாமதமானால் மட்டும் அடுப்பைத் திட்டாதீர்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. தீயைக் கூட்டினால் தண்ணீர்தான் வற்றும். குக்கர் வையுங்கள்.