ஃபைபர் வந்தவுடன் திரும்ப வேண்டாம்: ரவுட்டரில் தாமதம் வைக்கும் முறை

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர், ஃபைபர் லைனையும், அது நின்றால் கைகொடுக்க 4ஜி சிம் போட்ட டாங்கிளையும் ஒரே ரவுட்டரில் இணைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஃபைபர் நின்றதும் ரவுட்டர் டாங்கிளுக்கு மாறுவதில் குறையில்லை. திரும்பி வருவதில்தான் சிக்கல். வடிகால் பள்ளம் தோண்டும்போது அறுந்த கேபிளை ஆட்கள் ஒட்டிச் சோதிக்கும் நேரத்தில் லைன் வருவதும் போவதுமாக இருக்கும். ஒவ்வொரு முறையும் ரவுட்டர் உடனே ஃபைபருக்குத் தாவினால், வெளியே தெரியும் ஐபி முகவரி மாறிக்கொண்டே இருப்பதால் நெட்பேங்கிங் பாதியில் வெளியேற்றிவிடக்கூடும். வீடியோ அழைப்பும் அறுந்துபோகும்.

ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருள் ஓடும் ரவுட்டரில், பல இணைய லைன்களை நிர்வகிக்கும் எம்வான்3 என்ற தொகுப்பைக் கொண்டு இதைச் சரிசெய்யலாம். இரண்டு லைன்களுக்கும் வெவ்வேறு மெட்ரிக் எண் (வழிகளின் முன்னுரிமை எண்) கொடுத்து, ஃபைபர் முதலில், டாங்கிள் அடுத்து என்று பாலிசியை ஏற்கெனவே அமைத்துவிட்டீர்கள் என்று கொண்டு தொடங்குகிறேன்.

முதல் படி: எம்வான்3-இன் அமைப்புப் பக்கமான மல்டிவான் மேனேஜரில் ஃபைபருக்கான இன்டர்ஃபேஸைத் திறந்து, சோதனை முகவரிகளாக 8.8.8.8, 1.1.1.1 ஆகிய இரண்டையும் இட்டு, ட்ராக்கிங் ரிலையபிலிட்டியை (எத்தனை முகவரிகள் பதில் சொன்னால் லைன் நலம் என்பதை) 1 என வையுங்கள். இணைய நிறுவனத்தின் கேட்வே (நம் லைன் முதலில் சென்று சேரும் கருவி) முகவரியை மட்டும் நம்ப வேண்டாம். கேட்வே பதில் சொல்லும்போதே அதற்கு அப்பால் லைன் செத்துக் கிடக்கலாம்.

இரண்டாம் படி: பிங் இன்டர்வெல்லை (சோதனைகளுக்கு இடையிலான நேரத்தை) 5 விநாடியாகவும், இன்டர்ஃபேஸ் டவுன் எண்ணை (எத்தனை சோதனைகள் தோற்றால் லைன் போனதாகக் கொள்வது என்பதை) 3 ஆகவும் வைத்தால், லைன் போனது சுமார் அரை நிமிடத்துக்குள் பிடிபட்டுவிடும்.

மூன்றாம் படியில்தான் தாமதம் வருகிறது. இன்டர்ஃபேஸ் அப் எண்ணை 10 ஆகவும், ரெகவரி இன்டர்வெல்லை (லைன் மீளும்போது சோதனைகளுக்கு இடையிலான நேரத்தை) 30 விநாடியாகவும் மாற்றுங்கள். இனி பத்துச் சோதனைகள் தொடர்ந்து வெற்றி பெற்றால்தான், அதாவது ஏறக்குறைய 5 நிமிடம் லைன் நிலைத்து நின்றால்தான், ஃபைபர் மீண்டும் பயன்பாட்டுக்கு வரும். இடையில் ஒரு சோதனை தோற்றாலும் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். மேலே சொன்ன ஒட்டுவேலை நேரத்துக்கு இந்தக் குணமே பெரிய பாதுகாப்பு.

நான்காம் படியைப் பலரும் கவனிப்பதில்லை. ரவுட்டரிலேயே பிபிபிஓஇ முறையில் யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணைந்திருந்தால், லைன் போனபோது இணைப்பு முழுவதுமாக அறுந்து, வந்ததும் புதிதாக எழும். இனிஷியல் ஸ்டேட் என்ற அமைப்பு வழக்கம்போல் ஆன்லைன் என்று இருந்தால், அப்படி எழுந்த இணைப்பை எம்வான்3 சோதிக்காமலேயே நல்லது என்று ஏற்றுக்கொள்ளும். நாம் வைத்த 5 நிமிடம் வீணாகிவிடும். ஆகவே ஃபைபருக்கு மட்டும் அதை ஆஃப்லைன் என்று மாற்றுங்கள். இதற்கு ஒரு விலை உண்டு: ரவுட்டரை அணைத்துப் போட்டாலும் முதல் சில நிமிடங்கள் டாங்கிள்தான் ஓடும். டாங்கிளின் இனிஷியல் ஸ்டேட்டை ஆன்லைனாகவே விட்டுவிடுங்கள். இரண்டையும் ஆஃப்லைனாக்கினால், டாங்கிளும் தன் சோதனைகளில் தேறும்வரை எந்த லைனும் கிடைக்காது.

நடப்பு இணைப்புகளின் பதிவை அழிக்கும் ஃப்ளஷ் கான்ட்ராக் பகுதியில் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். காலியாக இருந்தால், டாங்கிள் வழியாக ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் இணைப்புகள் அதிலேயே முடியும், புதியவை மட்டும் ஃபைபருக்குச் செல்லும்.

தாமதத்தை மிகவும் நீட்டவும் கூடாது. விநாடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் சிசிடிவி காட்சி டாங்கிள் வழியாக மேலேறிக்கொண்டிருந்தால், 10 நிமிடத்தில் 375 எம்பி செலவாகும், தினசரி 1.5 ஜிபி சிம்முக்கு அது கால்வாசி. என் கருத்தில் 5 நிமிடமே போதும்.

சேமித்த பின், ஃபைபர் பெட்டியின் மின்சாரத்தை அணைக்காமல், அதில் செருகியிருக்கும் ஃபைபர் ஒயரை மட்டும் மெதுவாகக் கழற்றிச் சோதியுங்கள். கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்க வேண்டாம். டாங்கிளுக்கு மாறியதும் திரும்பச் செருகி, இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் கழற்றுங்கள். அந்த இடைவெளியில் ஸ்டேட்டஸ் பக்கம் ஃபைபரை ஒருமுறைகூட ஆன்லைன் என்று காட்டியிருக்கக் கூடாது. காட்டினால் நான்காம் படியைத் திரும்பப் பாருங்கள்.