அக்வாட்டிக் வார்ப்ளர்: மேப்பையும் எண்ணிக்கையையும் தப்பா படிக்காதீங்க

சுமார் 12 கிராம்தான் இருக்கிற அக்வாட்டிக் வார்ப்ளர்ங்கிற குருவி, ஐரோப்பாவோட கோரைச் சதுப்புல குஞ்சு பொரிச்சிட்டு சகாராவைத் தாண்டி மேற்கு ஆப்பிரிக்காவுக்கு வலசை போகுது. ஐரோப்பியப் பெருநிலத்துல இருக்கிற வலசைப் பாடும் பறவைகள்லயே ரொம்ப அரிதானது இதுதான். இதைப் பத்தி யாராவது எழுதினா ஆசையா படிப்பேன், ஆனா அதே தப்புகள் திரும்பத் திரும்ப வர்றதைப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமா இருக்கு, அதான் இந்தப் பதிவு.

முதல்ல மேப். பரவல் மேப்பைத் திறந்தா பெலாரஸ், உக்ரைன், போலந்து, லிதுவேனியா, அப்புறம் நெதர்லாந்து, பெல்ஜியம், பிரான்ஸ், ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோ, செனகல், மாலின்னு கலர் நீண்டுக்கிட்டே போகும். உடனே "அடேங்கப்பா, இவ்ளோ நாட்டுல இருக்கா, அப்ப பயமில்ல"னு முடிவுக்கு வந்துடறாங்க. அதுல பாதிக்கு மேல அது வழியில இறங்கி பூச்சி பிடிச்சுத் தின்னு கொழுப்பு சேர்த்துக்கிற இடம்தான். கூடு கட்டுறதுன்னு பார்த்தா ரொம்பப் பெரும்பகுதி பெலாரஸ், உக்ரைன், போலந்து மூணு நாட்டுக்குள்ளயே அடங்கிடும், அதுலயும் பெலாரஸோட ஸ்வானெட்ஸ், போலந்தோட பியெப்ஷா மாதிரி விரல் விட்டு எண்ணுற சதுப்புகள்லதான் கூட்டமா இருக்கு. அதனால அதுல ஒரே ஒரு சதுப்பு காய்ஞ்சாலும் உலக எண்ணிக்கையிலயே அடி விழும். மேப்ல கலர் இருக்குன்னா அது வருஷத்துல எந்த மாசத்துக்கான கலர்னு பார்க்காம எதையும் சொல்லாதீங்க.

பழைய மேப்பை எடுத்துப் போடறதும் இதே வகை தப்புதான். ஹங்கேரியோட ஹோர்த்தோபாஜ் புல்வெளியில ஒரு காலத்துல நூத்துக்கணக்குல பாடிக்கிட்டு இருந்துச்சு, இன்னைக்கு அங்க அந்தக் கூட்டமே இல்ல. ஜெர்மனி-போலந்து எல்லையில பொமரேனியான்னு சொல்ற பகுதியில இருந்த கூட்டமும் கிட்டத்தட்ட அப்படித்தான் போச்சு.

அடுத்தது எண்ணிக்கை, இதுலதான் நிறைய பேர் வழுக்குறாங்க. அறிக்கையில வர்ற நம்பர் 10,000-ஐ ஒட்டி இருக்கும், அது "பாடும் ஆண்கள்" எண்ணிக்கை. பொழுது சாயுற நேரத்துல ஆண்கள் கோரைத் தண்டுல ஏறி நின்னு பாடும், அந்த நேரம் பார்த்து சதுப்புக்குள்ள நடந்து எண்ணுவாங்க, பெண்ணைப் பார்க்கிறதே கஷ்டம். இந்த நம்பரை எடுத்து "இத்தனை ஜோடி"ன்னு எழுதிடறாங்க, அது சுத்தமா தப்பு, ஏன்னா இந்தப் பறவையில ஜோடின்னு ஒண்ணே கிடையாது. ஆண் கூடு காக்காது, குஞ்சுக்கு இரை கொண்டு வராது, பெண் ஒண்டியா வளர்க்கும், ஒரே கூட்டுல இருக்கிற குஞ்சுகளுக்குள்ளயே அப்பா வேற வேறயா இருக்கும். பெண் தனியா நின்னு இத்தனை வாய்க்கு இரை தேடணும்னா பக்கத்துலயே பூச்சி கொட்டிக் கிடக்கணும். அந்த மாதிரி வளமான சதுப்பு தேய்ஞ்சா ஏன் இது முதல்ல காணாம போகுதுங்கிறது இதை வச்சுத்தான் புரியும், அதனாலதான் இதை சின்ன விஷயமா விட மனசு வரல.

ஐயுசிஎன்ங்கிற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்போட சிவப்புப் பட்டியல்ல இது "வல்னரபிள்". எண்டேஞ்சர்ட் இல்லையே, அப்ப பரவாயில்லன்னு நினைக்காதீங்க. வல்னரபிள், எண்டேஞ்சர்ட், கிரிட்டிக்கலி எண்டேஞ்சர்ட் மூணுமே அழியுற ஆபத்துல இருக்குன்னு அர்த்தம்தான்.

அடையாளத்துல ஒரு குழப்பம் உண்டு. செட்ஜ் வார்ப்ளர் பார்க்க இதே மாதிரி இருக்கும், அது நிறைய இருக்கிற பறவை. உச்சந்தலை நடுவுல வெளிர் மஞ்சள் கோடு இருந்தா அக்வாட்டிக்னு முடிவு பண்ணிடறாங்க, ஆனா இளம் செட்ஜ் வார்ப்ளருக்கும் மங்கலா அந்தக் கோடு வரும். கோடு நல்லா தெளிவா இருக்கா, கண்ணுக்கு முன்னாடி வெளிறி இருக்கா, முதுகுல வெளிர் பட்டைகள் பளிச்சுன்னு இருக்கா, எல்லாத்தையும் சேர்த்துப் பாருங்க.

இப்ப பெரிய தப்புக்கு வர்றேன்: "வேலி போட்டு சும்மா விட்டா இயற்கை பார்த்துக்கும்"ங்கிற எண்ணம். பெலாரஸ்-உக்ரைன் எல்லைப் பக்கம் இருக்கிற போலேசியா சதுப்பு நிலத்துல சோவியத் காலத்துல கால்வாய் வெட்டி தண்ணிய வடிச்சதுதான் பெரிய அழிவுங்கிறது உண்மை, ஆனா மிச்சம் இருக்கிற சதுப்பைத் தொடாம விட்டாலும் நாணலும் வில்லோ புதரும் ஏறி கோரையை மூடிடுது, முன்னாடி அரிவாளோட வந்து வைக்கோலுக்கு அறுத்த ஜனங்க இப்ப வர்றதில்ல. குட்டையான, திறந்த கோரைதான் இதுக்கு வேணும். அதுக்காக ஜூன்ல போய் அறுத்தா கூடு, குஞ்சு எல்லாம் போச்சு, ஆகஸ்ட் பாதி தாண்டித்தான் கை வைக்கணும், அறுத்ததை அங்கயே போட்டு அழுக விடாம வெளிய எடுக்கணும். டிராக்டர் விட்டா மண்ணுல புதைஞ்சிடும்னு பியெப்ஷாவுல பனிச்சறுக்கு இடத்துல பனியைச் சமப்படுத்துற வண்டியை மாத்தி அமைச்சு அறுக்கிறாங்க. தண்ணியும் அளவாத்தான் வேணும், சில சென்டிமீட்டர் நின்னா நல்லது, ரொம்ப ஏறினா கூடு மூழ்கிடும்.

குளிர்காலம் எங்க கழியுதுங்கிறதை விட்டுட்டு எழுதறவங்களும் உண்டு. ரொம்ப நாள் யாருக்கும் சரியா தெரியாது, இறகுல இருக்கிற ஐசோடோப்பை (இறகு எந்த மாதிரி இடத்துல வளர்ந்துச்சுன்னு காட்டிக் கொடுக்கிற அணு வகைகள்) வச்சு எங்க தேடணும்னு கணிச்சு, 2007-ல செனகலோட ஜூஜ் தேசியப் பூங்காவுல பெரிய கூட்டத்தைக் கண்டுபிடிச்சாங்க. அங்க வருஷா வருஷம் வெள்ளம் வந்து நனையுற புல்வெளிதான் இதுக்கு வீடு, அணை கட்டி ஆத்தைத் தடுத்தாலோ எல்லாத்தையும் நெல் வயலா மாத்தினாலோ பெலாரஸ்ல என்ன காப்பாத்தினாலும் கணக்கு இடிக்கும். இந்தப் பறவைக்காகவே 2003-ல வலசை உயிரினங்கள் உடன்படிக்கைக்குக் கீழ பல நாடுகளைச் சேர்த்து ஒரு ஒப்பந்தம் போட்டதுக்குக் காரணமும் ஒரு நாட்டுல மட்டும் காப்பாத்தினா போதாதுங்கிறதுதான்.

கடைசியா, குஞ்சைத் தூக்கிட்டுப் போய் வேற இடத்துல விட்டா ஈஸியா பரப்பிடலாம்னு பேசறவங்க லிதுவேனியாவுல நடந்ததை முழுசா படிங்க. 2018-ல ஸ்வானெட்ஸ்லேர்ந்து 50 குஞ்சுகளை லிதுவேனியாவோட ஜுவிண்டாஸ் சதுப்புக்குக் கொண்டு போய் கையால இரை ஊட்டி வளர்த்தாங்க, 49 பறந்துச்சு, அடுத்த வருஷம் 11 ஆப்பிரிக்கா போயிட்டு ஜுவிண்டாஸுக்கே திரும்பி வந்துச்சு. அந்தச் சதுப்பைப் புதர் நீக்கித் தயார் பண்ணி வச்சிட்டுத்தான் குஞ்சுகளையே எடுத்துட்டு வந்தாங்க.